கடலுக்குப் போக ஒரு கமிட்டி

சாண்ட்லர், அரிசோனா
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் என்று பெயர்தான், மின்னஞ்சலில்தான் வருகிறது. சின்னவள் அச்செடுத்துத் தருவாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சாவகாசமாகப் படியுங்கள். போன வாரம் போனில், "லீவு விட்டா அங்கன என்னடே செய்வீங்க?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். சுருக்கமாகச் சொன்னால், லீவு வருவதற்கு நாலு மாதம் முன்னாலிருந்தே லீவுக்குத் திட்டம் போடுவோம். விவரமாகச் சொல்ல இந்தக் கடிதம்.

உங்களுக்குக் கத்திரி வெயில் இன்னும் சில நாளில் கழிந்துவிடும். எங்களுக்கு இப்போதுதான் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறது. சாண்ட்லர், ஃபீனிக்ஸை ஒட்டிய ஊர். நாலு பக்கமும் பாலைவனம். 2023-இல் ஃபீனிக்ஸில் 31 நாள் விடாமல் தினமும் 110 டிகிரியைத் தொட்டது. அடுத்த வருஷம் 113 நாள் தொடர்ந்து நூறுக்குக் குறையவில்லை. பாளையங்கோட்டை வெயில் மேல் எனக்கிருந்த மரியாதை போய்விட்டது அத்தான், மன்னிக்கவும். வெயிலில் நிறுத்திய காரின் ஸ்டியரிங்கைத் தொட முடியாமல், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற துணியைக் காருக்குள் வைத்திருக்கிறவர்கள் இங்கே உண்டு. மே மாதம் வந்தால் எல்லாருக்கும் ஒரே நினைப்பு, கடல். இந்த நாட்டுக்குள் கிட்டத்தில் இருக்கிற கடல் கலிபோர்னியாவின் சாண்டியாகோ. கிட்டத்தில் என்றால் சுமார் 560 கிலோமீட்டர்.

லீவு எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். மே மாதக் கடைசித் திங்கள் இங்கே மெமோரியல் டே. போரில் இறந்த ராணுவத்தாரை நினைக்கிற நாள். முன்பெல்லாம் மே 30 எந்தக் கிழமையோ அன்றைக்கு லீவு. 1968-இல் ஒரு சட்டம் போட்டு, 1971-லிருந்து இந்த மாதிரிச் சில லீவுகளைத் திங்கட்கிழமைக்கு நகர்த்திவிட்டார்கள், சனி ஞாயிறோடு ஒட்டி மூன்று நாளாகக் கிடைக்கட்டும் என்று. அந்தச் சட்டத்தை எழுதியவர் போன ஜென்மத்தில் நம்ம தாலுகா ஆபீஸில்தான் வேலை பார்த்திருக்க வேண்டும். புதுக் காலண்டர் வந்ததும் எந்தப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து லீவைத் தின்றது என்று பார்த்து வயிறெரிந்தவருக்குத்தான் இந்த யோசனை வரும்.

நாங்கள் ஐந்து குடும்பம். பேர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, ஊர் சொல்கிறேன்: மதுரைக்காரர், கோயம்புத்தூர்க்காரர், கும்பகோணத்துக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், நான். ஜனவரியிலேயே வாட்ஸ்அப்பில் குழு தொடங்கியாயிற்று. குழுவுக்குப் பேர் வைக்கவே வாக்கெடுப்பு நடந்தது. பிறகு ஆண்களுக்குத் தனியாக ஒன்று, பெண்களுக்குத் தனியாக ஒன்று. பொதுக் குழுவில் பேச்சு நடக்கும், ஆண்கள் குழுவில் ஜோக் நடக்கும், பெண்கள் குழுவில் முடிவு நடக்கும். அந்த முடிவு எங்களுக்கு வந்து சேர்வதற்குள் நாங்கள் இன்னொரு வாக்கெடுப்பு ஆரம்பித்திருப்போம்.

எங்கே போவது என்பதிலேயே கட்சி பிரிந்தது. சாண்டியாகோவைவிடக் கிட்டத்தில் ஒரு கடல் இருக்கத்தான் செய்கிறது. ராக்கி பாயின்ட் என்பார்கள், நாலு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அது மெக்ஸிகோவில் இருக்கிறது. எங்களில் பாதிப்பேருக்குப் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி. முப்பது நாளுக்குள் திரும்பி வந்தால், உள்ளே வந்ததற்கான தாள் செல்லுபடியாக இருக்கும் பட்சத்தில் விடுவார்கள் என்று விதி இருக்கிறது. கும்பகோணத்துக்காரர் அதைப் படித்தே காட்டினார். "விதி இருக்குதுங்க, ஆனா எல்லையில நிக்கிறவன் அதப் படிச்சிருக்கணுமில்லங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர். அத்தோடு மெக்ஸிகோ முடிந்தது.

அடுத்தது வீடு. ஓட்டலில் ஐந்து அறை எடுத்தால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். சமைக்கவும் முடியாது. ஆகவே நாள் வாடகைக்கு ஒரு முழு வீடு. இதற்கும் சாண்டியாகோவில் ஒரு சட்டம். ஊரில் இருக்கிறவனுக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை, எல்லாவற்றையும் சுற்றுலாக்காரனுக்கு விட்டுவிடுகிறார்கள் என்று 2023 மே மாதத்திலிருந்து உரிமம் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நகரத்திலுள்ள மொத்த வீடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் முழு வீட்டு உரிமம் கிடையாது. மணலை ஒட்டிய மிஷன் பீச் பகுதிக்கு மட்டும் நூற்றுக்கு முப்பது வரை. அதனால் மிஷன் பீச்சில் வீடு பிடிப்பது, முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் பிடிப்பது மாதிரி.

பிடித்துவிட்டோம். விளம்பரத்தில் "பன்னிரண்டு பேர் உறங்கலாம்" என்று இருந்தது. படத்தை விரித்துப் பார்த்தால் அதில் நாலு பேர் சோபாவில், இரண்டு பேர் மாடிப்படிக்குக் கீழே. நாங்களோ குழந்தைகளோடு பதினெட்டு. கைக்குழந்தை ஆள் கணக்கில் சேருமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "மூச்சு விடுகிற எல்லாரும் சேர்த்தி" என்று பதில் வந்தது. பக்கத்திலேயே இன்னொரு சின்ன வீடும் எடுத்தோம். எந்தக் குடும்பம் எந்த வீட்டில் என்பது இன்று வரை தீரவில்லை. குளியலறை எத்தனை என்பதை வைத்துப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

இந்த இடத்தில் உங்களை நினைத்தேன் அத்தான். ஆனி மாதம் செங்கோட்டைப் பக்கம் சாரல் விழுந்ததென்று யாராவது சொன்னால் போதும், நீங்கள் வேன்காரருக்கு ஒரு போன், சமையலுக்கு ஒரு போன், மற்றவர்களுக்கெல்லாம் ஒரே வரி: "காலைல நாலரைக்கு டீக்கடை முன்னால வண்டி நிக்கும். வாறவன் வரலாம், வராதவன் உறங்கலாம்." நாலு முப்பத்தொன்றுக்கு வண்டி நகர்ந்துவிடும். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்து ஏறிய ஆட்களில் நானும் உண்டு. குற்றாலம் மெயினருவியில் கூட்டமென்றால் ஐந்தருவி, அங்கேயும் தடுத்துவிட்டால் பழைய அருவி. சாயங்காலம் பார்டர் கடைப் பரோட்டா. யாரிடமும் நீங்கள் கருத்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. யாரும் குறைப்பட்டதாகவும் நினைவில்லை. திரும்பும்போது தலைக்கு இவ்வளவு என்று சொல்வீர்கள், சட்டைப்பையில் போட்டுவிட்டு இறங்குவோம்.

இங்கே பணக் கணக்கு வேறு ஜாதி. கோயம்புத்தூர்க்காரர் எக்செல்லில் ஒரு தாள் போட்டிருக்கிறார். தாள் என்கிறேன், அதற்குள் ஏழெட்டுத் தாள். செலவைத் தலைக்குப் பிரிப்பதா, குடும்பத்துக்குப் பிரிப்பதா என்று ஒரு சனிக்கிழமை முழுக்க விவாதம். குழந்தைகளுக்கு ரயில்வே கணக்குப்படி அரை டிக்கெட் என்று முடிவானது. உடனே, "எங்க பையன் ஒண்ணுமே சாப்பிட மாட்டான், அவனுக்கு எதுக்கு அரை?" என்று ஒரு வீட்டிலும், "அவன் ஐஸ்கிரீம் மட்டும் மூணு பேரோடது சாப்பிடுவானே" என்று இன்னொரு வீட்டிலும் கிளம்பிற்று. அசைவம் தின்கிறவர்களுக்குத் தனி வரிசை போட்டார்கள். முட்டை எந்த வரிசை? கும்பகோணத்துக்காரர் ஆம்லெட் தின்பார், அது அவர் வீட்டம்மாவுக்குத் தெரியாது. ஆகவே அந்த ஒரு கட்டத்தை எக்செல்லில் மறைத்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் யார் யாருக்குத் தரவேண்டும் என்று ஒரு ஆப் சொல்லும். போன வருஷத்துப் பயணத்தில் மதுரைக்காரர் எனக்குத் தரவேண்டியது முப்பத்தேழு சென்ட் என்று இன்னும் மாதாமாதம் எனக்கு நினைவூட்டுகிறது. கோயிலில் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

சாப்பாடு பெண்கள் துறை. அமெரிக்காவின் அழகான கடற்கரைகளில் ஒன்றுக்குப் போகிறோம், மீன் டாக்கோவுக்குப் பேர் போன ஊர். எங்கள் பட்டியலில் முதல் வரி இட்லி மாவு. அதற்கு ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. புளித்த மாவைப் பாலைவனத்தில் ஆறு மணி நேரம் கொண்டு போனால் அது காரிலேயே பொங்கி வழிந்து, அந்தக் கார் பிறகு எந்தக் காலத்திலும் விலைபோகாது. ஆகவே ராத்திரி அரைத்து உடனே ஐஸ் பெட்டியில் வைத்து, அங்கே போய்த்தான் புளிக்கவிட வேண்டும். பெரிய பிளாஸ்டிக் வாளியில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது. மூடி திறந்துகொள்ளாமல் மேலே துணி கட்டி, அதன் மேல் தோசைக்கல்லைக் கவிழ்த்து வைப்பது என் வீட்டுக்காரியின் யோசனை. குக்கர் இரண்டு, இட்லிச் சட்டி, அஞ்சறைப் பெட்டி. தாளித்தால் கூரையிலிருக்கிற புகை அலாரம் கூவும் என்பதால், அந்த நேரத்தில் கீழே நின்று துண்டு வீச ஓர் ஆள். அந்த உத்தியோகம் எனக்கு.

பிரச்சினை கறிவேப்பிலையில் வந்தது. நீங்கள் கேட்டால் நம்ப மாட்டீர்கள், கலிபோர்னியாவுக்குள் நுழைகிற சாலைகளில் விவசாயத் துறைக்குச் சோதனைச் சாவடி இருக்கிறது. யூமா தாண்டி ஆற்றைக் கடந்ததும் வண்டியை மெதுவாக்கி, பழம், செடி ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் கொண்டுவருகிற ஒரு குட்டிப் பூச்சி 2008-இல் அங்கே நுழைந்துவிட்டது, அதுவும் சாண்டியாகோ பக்கம்தான் முதலில். நோய் பிடித்த மரத்துக்கு மருந்து கிடையாது, வெட்டித்தான் போட வேண்டும். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம், அந்தப் பூச்சிக்கு ரொம்ப இஷ்டம். எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக் கறிவேப்பிலையை என் வீட்டுக்காரி பிள்ளை மாதிரி வளர்க்கிறாள், ஜூன் வெயிலுக்கு அதற்குக் குடையே பிடித்திருக்கிறாள். அதை ஒரு அதிகாரி வாங்கிக் குப்பையில் போடுவதை அவள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். இரண்டு நாள் யோசித்து, எல்லா இலையையும் வறுத்துப் பொடியாக்கிவிட்டாள். பொடியில் பூச்சி ஏறாது.

மதுரைக்காரரின் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அப்பத்தா. வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் கிளம்பக் கூடாது என்று அப்பத்தா சொல்லிவிட்டார்கள். வைக்கலாம், எத்தனை வேண்டுமானாலும் இங்கேயே நசுக்கிக்கொள்ளலாம், மிச்சத்தை மட்டும் முந்தானையில் முடிந்துவைக்கக் கூடாது என்று ஒப்பந்தம். மலை மேல் பைன் வேலி என்ற ஊர்ப் பக்கம் எல்லைக் காவல் படை வேறு வண்டியை நிறுத்தி, எந்த நாட்டுக்காரர் என்று கேட்பார்கள். அதனால் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். "சொந்த நாட்டுக்குள்ள போறதுக்கு எதுக்குடா செக்போஸ்ட்டு? உசிலம்பட்டியிலகூட இப்புடிக் கேக்க மாட்டாய்ங்களே" என்றார்கள் அப்பத்தா. பாஸ்போர்ட்டைச் சுருக்குப்பையில், வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வெற்றிலையும் தழைதானே என்று எனக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

வழி விசித்திரமான வழி. டேட்லேண்ட் என்ற இடத்தில் பேரீச்சம்பழ மில்க் ஷேக் குடிக்க ஒரு நிறுத்தம், அதில் மட்டும் ஏகமனது. யூமாவில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ள வேண்டும், கலிபோர்னியாவில் விலை நெருப்பு. அப்புறம் பெரிய மணல்மேடுகள். 1982-இல் ஸ்டார் வார்ஸ் படம் ஒன்றை அங்கே எடுத்தார்களாம், பிள்ளைகள் இறங்கியே தீர வேண்டும் என்கிறார்கள், கொதிக்கிற மணலில். அதைத் தாண்டி எல் சென்ட்ரோ, கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிற ஊர். அங்கிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் மலையேற்றம். எஞ்சின் சூடாகும், ஏசியை அணை என்று பலகை வைத்திருக்கிறார்கள், ஓரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீரும் உண்டு. அணைத்தால் எஞ்சின் பிழைக்கும், பின் சீட்டில் இருக்கிறவர்களைப் பற்றிப் பலகையில் ஒன்றுமில்லை.

இத்தனையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? மேகம். மே, ஜூன் மாதங்களில் அந்தக் கரையில் குளிர்ந்த கடலுக்கு மேல் மூடுபனி மாதிரி ஒன்று கட்டிக்கொண்டு மதியம் வரை நகராது. சில நாள் சாயங்காலம் வரைக்கும். உள்ளூர்க்காரர்கள் அதற்கு மே கிரே, ஜூன் க்ளூம் என்று செல்லப் பேரே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் 17, 18 டிகிரி செல்சியஸ். ஃபீனிக்ஸிலிருந்து போகிறவன் முட்டி வரை இறங்கி, "ஆகா" என்று கத்திவிட்டு, ஸ்வெட்டர் வாங்கக் கடைக்கு ஓடுவான். இதை நான் குழுவில் எழுதினேன். "நெகடிவ்வா பேசாதீங்க" என்று ஐந்து பேர் கட்டைவிரலைக் கீழே காட்டினார்கள். ஆறாவது விரல் என் வீட்டுக்காரியுடையது.

பிள்ளைகளுக்கு லா ஹோயா காட்ட வேண்டும். எனக்கும் அதுதான் ஆசை. அங்கே எல்லன் பிரௌனிங் ஸ்கிரிப்ஸ் என்ற பெரிய மனுஷி, குழந்தைகள் அலைக்குப் பயப்படாமல் குளிக்கட்டும் என்று தன் பணத்தில் கடலுக்குள் வளைவாக ஒரு சுவர் கட்டிக்கொடுத்தார். 1931-இல் முடிந்தது. சுவர் நன்றாகத்தான் அலையைத் தடுத்தது. அந்த வசதியைக் கண்டுகொண்டு சீல்கள் குடிவந்துவிட்டன. குட்டி போடுகிற காலத்தில், டிசம்பர் நடுவிலிருந்து மே நடுவரை, மனிதர்கள் அந்த மணலில் இறங்கவே கூடாது. குழந்தைகளுக்கென்று கட்டியதில் மனுஷக் குழந்தை என்று அந்த அம்மாள் எழுதி வைக்காமல் போனார்களே என்று பல வருஷம் வழக்கு நடந்தது. பக்கத்துப் பாறைகளில் கடல் சிங்கங்கள் வேறு. குலைப்பும் நாற்றமும் தெரு வரை வரும். "மீன் வாடைக்கு ஐந்நூறு கிலோமீட்டர் போகணுமா?" என்கிறார் கும்பகோணத்துக்காரர்.

பெண்கள் குழுவிலிருந்து வந்த ஒரு தீர்மானம் மட்டும் எங்களைக் கலக்கிவிட்டது. சான் இசிட்ரோவில் துணிமணி மலிவாகக் கிடைக்கிற பெரிய வணிக வளாகத்துக்கு ஒரு நாள். அது மெக்ஸிகோ வேலியை ஒட்டியே இருக்கிறது. நெடுஞ்சாலையில் "அமெரிக்காவின் கடைசி வழி" என்று பலகை வரும். அங்கே வலது பக்கம் ஒதுங்கத் தவறினால் நேராகத் திஹுவானாதான், யூ-டர்ன் கிடையாது. விசா முத்திரை இல்லாதவர் யாரும் அன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். யாழ்ப்பாணத்துக்காரரிடம் கனடா பாஸ்போர்ட். "எனக்கெண்டால் பயமில்லை, தவறினால் ஒரு டாக்கோ சாப்பிட்டுப்போட்டுத் திரும்பி வாறன்" என்கிறார். அவர் வண்டியில் ஏற இப்போது யாரும் தயாராக இல்லை.

கடற்கரையில் நெருப்பு மூட்டி உட்கார வேண்டும் என்பது மதுரைக்காரரின் கனவு. கண்ட இடத்தில் மூட்ட முடியாது, அதற்கென்று கட்டிவிட்ட சிமென்ட் வளையங்களில்தான் மூட்டலாம். லீவு நாளில் விடிவதற்கு முன்னால் போய்த் துண்டு போட்டு இடம் பிடித்தால்தான் உண்டு. பீருக்கு வழியில்லை, 2008-லிருந்து கடற்கரையில் மதுவுக்குத் தடை. கண்ணாடிப் பாட்டிலும் ஆகாது. ஆகவே இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து சுக்குக் காபி குடிப்பதாக நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. துண்டு போடப் போவது யார் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

எல்லாம் ஒருவழியாக முடிந்த மாதிரிதான் அத்தான், ஒன்றைத் தவிர. சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவது? நாலு மணி என்று இரண்டு வீடு, பிள்ளைகள் எழுந்தபின் என்று இரண்டு வீடு, வெள்ளி ராத்திரியே போய்விடலாம் என்று யாழ்ப்பாணத்துக்காரர். வாக்கெடுப்பு மூன்று முறை வைத்தாகிவிட்டது, ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கட்சி மாறுகிறார். ஏழு மணிக்குக் கிளம்பினால் மணல்மேட்டில் நடுவெயில். எங்களில் யார் சொன்னாலும், "நீ யாருடா சொல்ல?" என்றுதான் வரும்.

அதனால் ஒரு உதவி. வெள்ளிக்கிழமை எங்களுக்கு ராத்திரி எட்டு மணி, உங்களுக்குச் சனிக்கிழமை காலை எட்டரை. இங்கே பெரும்பாலான மாநிலங்கள் மாதிரிக் கடிகாரத்தை முன்னும் பின்னும் திருகுவதில்லை, எப்போதும் பன்னிரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், தவறாது. அந்த நேரத்துக்கு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். "காலைல நாலரைக்கு வண்டி கிளம்பும். வாறவன் வரலாம், வராதவன் உறங்கலாம்" என்று. குற்றாலத்துக்குச் சொல்கிற அதே குரலில். யார் எவர் என்று நான் சொல்லப் போவதில்லை, குழுவில் போட்டுவிட்டுப் போனை அணைத்துவிடுவேன். மரியாதையாகப் பேச வேண்டாம், பலிக்காது. அக்கா பக்கத்தில் நின்று சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்